தூக்கிச் சுத்துற சீன்

இருந்தவர்கள்: நான். ரெண்டு வாரத்தில் நான் கட்டிக்க இருந்த சுகந்தி. அவங்கப்பா. அவங்கம்மா. கல்யாண வீடியோ எடுக்க வந்த கேமராக்காரர். இடம், பனமரத்துப்பட்டி ஏரிக்கரை.

சினிமாவில் காதல் காட்சி வந்தால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. அங்கே மாமனார் இருக்க மாட்டார். எங்களுக்கு இருந்தார். கேமராக்காரருக்கு உதவி ஆள் வராததால், வெளிச்சம் காட்டுகிற வெள்ளித் தட்டை மாமனார்தான் பிடித்தார்.

"மாப்ள, புள்ள மூஞ்சில நெழலு உழுது. இன்னுங் கிட்டப் போங்க."

போனேன். (மாமனார் பேச்சைத் தட்ட முடியுமா?)

"கண்ணப் பாருங்கண்ணா," என்றார் கேமராக்காரர். பார்த்தேன்.

"காதலாப் பாருங்க."

அப்படித்தான் பார்த்தேன். அத்தை பயந்துவிட்டார். "வயிறு சரியில்லீங்களா மாப்ள?"

சுகந்திக்கு ஒரே ஆசை. சினிமா மாதிரி நான் அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும். அது கல்யாண மண்டபத்துத் திரையில் ஓட வேண்டும். கூட வேலை செய்கிற பெண்களிடம் சொல்லியும் விட்டாள்.

"முடியுங்களா? இல்லீன்னா இப்பவே சொல்லிப்போடுங்க. மண்டபத்துல எம்மானம் போயிரும்."

எனக்கு ரோஷம் வந்தது. நாமக்கல்லில் கோழித்தீவன மில்லில் லோடுமேன் நான். என்னைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா?

சினிமாக்காரன் ரெண்டு கையில் ஏந்துவான். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. குனிந்தேன். இடுப்பைப் பிடித்தேன். ஒரே தம்மில் தோளில் போட்டேன். அவள் தலை என் முதுகுப் பக்கம் தொங்கியது.

"சுத்துங்கண்ணா!"

தோளில் கனம் ஏறினால் என் கால் சுற்றாது. நடக்கும். நாங்கள் வந்த டெம்போவைப் பார்த்து நடந்தது.

"ஏனுங்க, எங்கீங்க போறீங்க?" முதுகுக்குப் பின்னாலிருந்து சுகந்தி.

"மாப்ள! தாலி கட்டிப்போட்டுக் கூட்டிட்டுப் போங்க!" மாமனார் தட்டோடு பின்னாலேயே ஓடி வந்தார். (வெளிச்சம் மட்டும் கடைசி வரை தவறவில்லை.)

டெம்போவின் பின்கதவு திறந்திருந்தது. தோளைச் சாய்த்தேன். தொப்பென்று உள்ளே உட்கார்ந்தாள்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். மில்லில் மூட்டையை இறக்கினால் எண்ணிக்கையை உரக்கச் சொல்லணும். பழக்க தோஷம், சொல்லிவிட்டேன். கேமராவில் சத்தமும் ஏறிவிட்டது.

சுகந்தி மூன்று நாள் போனை எடுக்கவில்லை. நாலாம் நாள் கூப்பிட்டாள். வீடியோவைப் பார்த்தாளாம். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணியாம். வெட்டாமல் அப்படியே போடச் சொல்லிவிட்டாளாம்.

மண்டபமே சிரித்தது. இன்றைக்கும் நான் கொஞ்சம் ஆசையாகக் கிட்டப் போனால் போதும். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தை அவள் அப்படியே போடுவாள்:

"ஒன்னு!"