டிசம்பரை எதிர்த்த சீசன் சார்

ராயபுரத்தில் டிசம்பர் மாதத்தைத் தனி ஆளாக எதிர்த்து நின்ற ஒரே கிறிஸ்தவர் எங்கள் சீசன் சார்தான். ஊரே நவம்பர் கடைசியில் வாசலில் ஸ்டார் கட்டி, கேக்குக்குச் சொல்லிவிட்டு, சீரியல் லைட்டில் ஷாக் அடித்துக்கொண்டு ஆனந்தமாக இருக்கும். இவர் மட்டும் தெருத்தெருவாகப் போய், "ஏசு இன்னும் பொறக்கல, லைட்ட அமத்து" என்று சண்டை பிடிப்பார்.

வாரத்தில் ஆறு நாள் ஹார்பரில் கிரேன் ஓட்டுவார். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் கோயில் வராந்தாவில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி. நாங்களெல்லாம் பத்துக் கட்டளை, ஜெபம், கதை என்று கலந்து கட்டி நடத்துவோம். அவருக்கு ஒரே பாடம்தான், திருச்சபை ஆண்டின் சீசன்கள்; பெயரும் அப்படி வந்ததுதான். கிறிஸ்மஸுக்காகக் காத்திருக்கிற திருவருகைக்காலம், ஈஸ்டருக்கு முன்னால் நோன்பு இருக்கிற தவக்காலம், அப்புறம் கிறிஸ்மஸ் காலம், ஈஸ்டர் காலம், மிச்ச நாளுக்கெல்லாம் பொதுக்காலம். அந்தந்தக் காலத்துக்குச் சாமியார் எந்த நிறத்தில் உடுப்புப் போடுகிறாரோ அதே நிறத்தில் இவரும் சட்டை போடுவார். பொதுக்காலத்துக்குப் பச்சை என்பதால் வருஷத்தில் பாதிக்கு மேல் பச்சையாகவே திரிவார். பக்கத்து வகுப்பு என்னுடையது. கிரேன் மேலிருந்து கீழே கத்திப் பழகிய தொண்டை அவருக்கு. என் பிள்ளைகளுக்கும் அவர் பாடம்தான் மனப்பாடம்.

அவர் பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒரு தவக்காலத்தில், "வெள்ளிக்கிழம கறி கெடையாது. அதான் தவம்" என்றார். முன் வரிசை ஷெர்லின் கை தூக்கினாள். அவள் அம்மாவுக்குக் காசிமேட்டில் மீன் வியாபாரம்.

"சார், வஞ்சிரம்?"

"மீனு சாப்டலாம்மா."

"எறா?"

"அதுவும் சாப்டலாம்."

"அப்ப தவம் எங்க சார் கீது?"

சார் பாடத்தை அதோடு முடித்துக்கொண்டார். ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டு வந்து, "ரோம்ல கீறவங்களுக்கு நம்ம ஏரியா தெரியாது. நமக்கு மட்டும் வஞ்சிரம், எறா, நண்டு எல்லாம் கட். காரப்பொடி மாரி பொடி மீனு வேணா துன்னு" என்று தனிச் சட்டம் போட்டார். வியாபாரத்தில் மண் விழுகிறதென்று ஷெர்லினின் அம்மா சாமியாரிடம் புகார் கொடுத்தார். சாமியார் சாரைக் கூப்பிட்டு விசாரித்தபோது மேஜை மேல் வறுத்த வஞ்சிரம் இருந்ததால் தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது.

டிசம்பர் இரண்டாம் வாரம் கேரல் குழு அவர் வீட்டுக்குப் போனது இன்னொரு கூத்து. டிரம்மை அடித்து, பாலன் இயேசு பிறந்துவிட்டார் என்று ஆரம்பித்ததுமே சன்னல் திறந்தது.

"எப்பப்பா பொறந்தாரு?"

"இருவத்தஞ்சாந்தேதி சார்."

"இன்னிக்கு இன்னா தேதி? மாதாவே இன்னும் நாசரேத்த வுட்டுக் கெளம்பல. அதுக்குள்ள எங்கேர்ந்து பொறந்தாரு?"

கிறிஸ்மஸ் தாத்தா தாடியைக் கழற்றி விசிறிக்கொண்டே, "சார், இன்னும் பெரம்பூர் வரிக்கும் போவணும், ஒரே பாட்டு சார்" என்று கெஞ்சினார். எல்லாருக்கும் டீ கிடைத்தது. பாட்டுக்கு அனுமதி கிடைக்கவில்லை.

ஜனவரியில் கிறிஸ்மஸ் காலம் முடிந்த மறுநாளே, பாலன் பிறந்த தொழுவத்தைப் பொம்மைகளால் காட்டும் குடிலைப் பிரித்தாக வேண்டும். பிரிக்காத வீட்டுக்கு நேரில் வந்துவிடுவார். எங்கள் வீட்டு ஒட்டகத்தை அவரே பொட்டலம் கட்டிப் பரண் மேல் போட்டார்.

இப்பேர்ப்பட்டவர் போன தவக்காலத்தில் மாட்டினார். வெள்ளிதோறும் ஒரு பிள்ளை அல்லது ஆசிரியர் வீட்டில் சிலுவைப்பாதை ஜெபம் நடக்கும். அவர் முறை வந்தபோதெல்லாம் பெயின்ட் அடிக்கிறேன், தண்ணி வரவில்லை என்று தள்ளிப்போட்டார். ஒரு வெள்ளி மாலை பிள்ளைகளோடு சொல்லாமலே போய் நின்றேன்.

உள்ளே, மார்ச் மாதப் புழுக்கத்தில், கிறிஸ்மஸ் குடில். மாதா, சூசையப்பர், ஆடு, ஒட்டகம் எல்லாம் அப்படியே இருந்தன. குழந்தை இயேசுவின் சுரூபம் மட்டும் டிவி பக்கத்தில் துணி சுற்றிப் படுத்திருந்தது.

"சார்! தவக்காலத்துல குடிலா? எங்களுக்கு மட்டும்தான் சட்டமா?" என்றாள் ஷெர்லின்.

சார் தவக்கால ஊதாச் சட்டையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஜெரி கிறிஸ்மஸுக்கு வரேன்னான்மா. சின்னப் புள்ளேலேர்ந்து அவன்தான் குடில்ல பாலன வைப்பான்."

ஜெரி அவருடைய ஒரே மகன். தாயில்லாத பிள்ளை, சரக்குக் கப்பலில் வேலை. டிசம்பரில் இறங்க வேண்டியவனுக்கு மாற்று ஆள் வராமல் இழுத்தடித்துவிட்டது. இப்போது கப்பல் நிலக்கரியோடு எண்ணூருக்கு வந்தும், கரையில் இடம் கிடைக்காமல் வெளியே கடலில் நிற்கிறது. வேறு துறைமுகத்துக்குத் திருப்பிவிடுவார்கள் என்றும் பேச்சு.

"அவன் வர்ற வரிக்கும் இந்த வூட்ல திருவருகைக்காலம்தான் நடக்குது. தப்புதான். இதப் பிரிச்சேன்னா, அவன் வரமாட்டான்னு நானே ஒத்துகினா மாரி ஆயிடும்ல?" என்றார். பிறகு அவருக்கே வெட்கமாகிவிட்டது. "தோ, பிரிச்சிட்றேன்" என்று ஆட்டின் மேல் கை வைத்தார்.

ஷெர்லின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "வுடுங்க சார். யாரு கேக்கப் போறா?" என்றவள் என் பக்கம் திரும்பி, "மிஸ், நீங்க எதியும் பாக்கல" என்று மிரட்டினாள். பாக்கல என்றேன். குடிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சிலுவைப்பாதையை முடித்தோம்.

அடுத்த வாரம் ஞாயிறு, பாதி வகுப்பில் அவருக்கு போன் வந்தது. கேட்டவர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். பகலில் பிள்ளைகள் என்னையும் இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்கள்.

குடிலில் பாலன் வைக்கோல் மேல் கோணலாக இருந்தார். கீழே, பாதி சாப்பிட்ட தட்டுக்குப் பக்கத்தில், வாயைத் திறந்துகொண்டு ஜெரி தூங்கிக்கொண்டிருந்தான். சார் மறைக்கல்விப் புத்தகத்தால் அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரே ஒரு கிறிஸ்மஸ் பாட்டு?" என்றாள் ஷெர்லின்.

அவர் எழுந்துபோய், கோயிலைப் பார்த்த சன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"பாடுங்க. மெதுவா பாடுங்க. கப்பல்ல ஒழுங்கா தூங்கிருக்க மாட்டான்."

கிசுகிசுவென்று பாடினோம். சார் விசிறுவதை நிறுத்தவில்லை. அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.