பரம்பு நிற்கக் கற்றுக்கொண்ட கோடை

2024 மே 14, செவ்வாய்க்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். 5.25க்குக் காபி. 5.40 முதல் 6.05 வரை செடிகளுக்குத் தண்ணீர். தென்னைக்கு நான்கு குடம், செம்பருத்திக்கு ஒன்று. பிறகு அன்று கீழ்வேளூரில் அளக்க வேண்டிய மனையின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். 6.25க்கு இரும்புக் கேட்டில் ஏதோ பலமாக மோதியது. அந்த நாளுக்கான டைரிப் பக்கத்தில் அதைப் பற்றி இரண்டே சொற்கள் இருக்கின்றன: பரம்பு வந்தார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கீழ்வேளூர் தாலுகாவில் இதுவரை பிறந்தவர்களில், நாற்பத்தாறு வயது வரைக்கும் எந்த ஒன்றையும் தானாக நிறுத்தியறியாத ஒரே மனிதர் பரம்புதான். எதுவாக இருந்தாலும் எதிலாவது போய் மோதித்தான் நிற்பார்.

இளவயதில் அவர் ஓட்டிய சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. டீக்கடை வந்ததும் எதிரே இருக்கும் விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இறங்குவார். அந்தக் கம்பம் இன்றைக்கும் கிழக்கே நான்கு டிகிரி சாய்ந்திருக்கிறது. நானே அளந்தேன், என் தொழில் நில அளவை. டிராக்டர் ஓட்டிய காலத்தில் வயலின் சேற்றுக்குள் இறக்கி, அது தானாகப் புதையும்வரை காத்திருந்து இறங்குவார். பேச்சும் அப்படியே. திருவாரூர் பஸ் வந்தால்தான் வாக்கியம் முடியும். கல்யாணத்தில் அக்கினியை மூன்று சுற்று வர வேண்டும் என்றால் இவர் நான்காவது சுற்றில் கால் வைத்துவிட்டார். துண்டில் போட்டிருந்த முடிச்சை மணப்பெண் அமுதா ஒரு இழு இழுத்ததால்தான் சடங்கு அத்தோடு முடிந்தது.

பெயர்க்காரணம் பிற்பாடு வந்தது. டிராக்டர் ஓட்டத் தெரியும் என்று சொல்லித் துபாய்க்குப் போனவரை ஒரு பெரிய வணிக வளாகத்துக்குள் இருக்கும் ஐஸ் மைதானத்தில் வேலைக்கு வைத்தார்கள். மக்கள் கத்தி பொருத்திய பூட்ஸ் போட்டுக்கொண்டு சறுக்கி விளையாடும் இடம். சறுக்கிச் சறுக்கி ஐஸ் முழுக்கக் கீறலாகிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு வண்டியை ஓட்டி, மேல் பகுதியைச் சீவி எடுத்து, மெல்லிதாகத் தண்ணீர் விட்டு, கண்ணாடி போல ஆக்க வேண்டும். முதல் விடுமுறையில் வந்து டீக்கடையில் இதை ஒன்றரை மணி நேரம் விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், உழுத சேற்றில் நடவுக்கு முன்னால் பலகையைக் கட்டி இழுத்துச் சமப்படுத்துவோமே, அந்தப் பரம்படிக்கும் வேலைதானே இது என்று கேட்டார். அன்றைக்கு வைத்த பெயர். ரேஷன் கார்டையும் பாஸ்போர்ட்டையும் தவிர வேறெங்கும் அவருடைய இயற்பெயர் இப்போது புழக்கத்தில் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை கேட்டில் மோதியபோது அவர் காலில் சக்கரம் இருந்தது. பூட்ஸின் அடியில் ஒரே வரிசையில் நான்கு சக்கரம். கேட்டை விடாமல் பிடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

ஏப்ரலில் அந்த மைதானத்தில் ஒரு குழந்தை நடு ஐஸில் விழுந்துவிட்டது. தூக்கி வர ரப்பர் பூட்ஸோடு ஓடினவர் பரம்பு. ஓடினார், நிற்கவில்லை. குழந்தையைத் தாண்டிப் போய் எதிர்ச் சுவரில் மோதினார். குழந்தை தானே எழுந்து வந்து இவருக்குக் கை கொடுத்ததாம். மறுநாளே புதிய விதி வந்தது. ஐஸில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் ஐஸ் ஹாக்கி பூட்ஸில் சறுக்கத் தெரிந்திருக்க வேண்டும். முழு வேகத்தில் வந்து, இரண்டு காலையும் ஒருசேரக் குறுக்கே திருப்பி, கோட்டிலிருந்து இரண்டு மீட்டருக்குள் நிற்க வேண்டும். சுவரைத் தொடக்கூடாது. ஜூன் 19ஆம் தேதி பரீட்சை. தவறினால் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடியும். மேற்பார்வையாளர் நல்ல மனிதர்; பழகிக்கொள்ளச் சொல்லிச் சக்கரம் வைத்த ஜோடி ஒன்றும், கத்தி வைத்த ஜோடி ஒன்றும் கொடுத்தனுப்பியிருந்தார்.

"போறது பிரச்சனை இல்லண்ணே. அது அதுபாட்டுக்குப் போவுது. நிக்கிறதுதான். நீங்க நாடாவ எடுத்துக்கிட்டு வாங்க. எத்தன அடி தள்ளி நிக்கிறேன்னு நீங்க சொன்னாதான் சரியா இருக்கும்."

வேறு வேலை பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். மகள் நர்சிங் இரண்டாம் ஆண்டு என்றார். அதோடு நிறுத்துவார் என்று நினைத்தேன். என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு வேறொன்று சொன்னார்.

"கடைசி சுத்து ஓட்டி முடிச்சுத் திரும்பிப் பாப்பேண்ணே. ஒரு சுருக்கம் இருக்காது. அது மேல இன்னும் ஒருத்தர் கால் வச்சிருக்க மாட்டாங்க. அத வுட்டுட்டு வர மனசில்ல."

மாலை நாடாவோடு போனேன். ஊர்ப் பொதுக் களம் சிமெண்ட் போட்டது. முப்பத்திரண்டு மீட்டர் நீளம், பதினெட்டு அகலம். சம்பா நெல்லெல்லாம் போய், மே மாதத்தில் ஒரு மூலையில் உளுந்து மட்டும் காயும். வடக்கு ஓரத்துக்குப் பன்னிரண்டு மீட்டர் முன்னால் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டோம். பரம்பு தெற்கிலிருந்து புறப்பட்டார். கோட்டுக்கு வந்ததும் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. ஓரத்தில் அடுக்கியிருந்த வைக்கோல் உருளைகளில் ஒன்றுக்குள் இடுப்பளவு போய் நின்றார். பதினோரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் என்று எழுதிக்கொண்டேன். வைக்கோல் இல்லாவிட்டால் வாய்க்கால்வரை போயிருப்பார்.

பத்து நாள் இப்படியே போனது. அளவு பதினொன்றிலிருந்து பத்தேமுக்காலாகக் குறைந்தது. ஆனால் அது முன்னேற்றமில்லை. வைக்கோல் உருளை இறுகிவிட்டது. இடையில் ஒருநாள் திசை மாறி அமுதா காயப்போட்டிருந்த உளுந்துக்குள் புகுந்து ஒரு தெரு போட்டுவிட்டு அந்தப் பக்கம் வெளியே வந்தார். அமுதா கலைந்ததைக் கூட்டிச் சேர்த்தாள். ஏழெட்டுப் பேர் தினமும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். நிற்பாரா மாட்டாரா என்று பேசியது போய், எந்த உருளையில் நிற்பார் என்று பேச ஆரம்பித்தார்கள்.

சக்கரத்தில் பழகுவதுதான் கோளாறு, ஐஸில் நின்றால் தானாக வந்துவிடும் என்று பரம்பு முடிவு செய்தார். மே 26, ஞாயிற்றுக்கிழமை காலை 7.15க்கு நாகப்பட்டினத்திலிருந்து ஒரு மினி லாரி வந்தது. மீன் வைப்பதற்கென்று செய்யும் ஐஸ் பார்கள், பதினாறு. லாரிக்காரர் பழக்கதோஷத்தில் அத்தனையையும் உமி போட்டு மூடிக் கொண்டுவந்திருந்தார். அப்போதுதான் உருகாது என்பது அவர் வாதம். உமியெல்லாம் ஐஸில் ஒட்டி உறைந்து, பார்கள் ரஸ்க் மாதிரி இருந்தன. நான்கு பேர் உட்கார்ந்து கரண்டியால் சுரண்டினோம். சுரண்டி முடிப்பதற்குள் வெயில் ஏறி உயரத்தில் கால்வாசி போய்விட்டது. ஆனாலும் இரண்டிரண்டாக நெருக்கி அடுக்கி எட்டு மீட்டருக்கு ஒரு பாதை அமைத்தோம். பரம்பு கத்தி பூட்ஸை மாட்டிக்கொண்டு ஏறினார்.

அடுத்து நடந்ததை நான் டைரியில் மூன்று முறை அடித்து எழுதியிருக்கிறேன். அவர் உந்திப் புறப்பட்டார். ஐந்தாவது பாரில் இரண்டு காலையும் குறுக்கே திருப்பினார். உண்மையாகவே திருப்பினார், கத்தி ஐஸைக் கடித்தது. ஆனால் சிமெண்ட் நனைந்திருந்ததால் அந்தப் பார் மட்டும் வரிசையிலிருந்து கழன்று, அவரைச் சுமந்துகொண்டு, நிதானமாகக் கிழக்கே போக ஆரம்பித்தது. பரம்பு அதன்மேல் கையிரண்டையும் விரித்து அசையாமல் நின்றார்.

"எழுதிக்குங்கண்ணே, நான் நின்னுட்டேன். ஐஸ்தான் போவுது."

முப்பது ஆண்டுகள் நிலம் அளந்தவன் நான். எல்லைக்கல் நகர்ந்த வழக்குகள் பார்த்திருக்கிறேன். மனிதர் நின்று, அவர் நிற்கும் இடம் நகர்ந்துபோன வழக்கு இது ஒன்றுதான். பாரிலிருந்து அளந்தால் சுழியம். களத்திலிருந்து அளந்தால் ஆறு மீட்டர் பத்து சென்டிமீட்டர். பார் களத்தின் விளிம்பில் முட்டியது. பரம்பு மட்டும் தொடர்ந்து போனார். பத்து மணிக்குள் மிச்ச ஐஸைத் தெருவே பாத்திரம் கொண்டுவந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. மதியம் எல்லா வீட்டிலும் சர்பத்.

அன்று மாலை அவர் களத்துக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நானே வீட்டுக்குப் போனேன். பூட்ஸ் இரண்டு ஜோடியும் பெட்டிக்குள் போயிருந்தன. அறுவடை இயந்திரம் ஓட்டக் கூப்பிடுகிறார்கள், போய்விடலாம் என்றிருக்கிறேன் என்றார். ஒரே வாக்கியம். பஸ் எதுவும் வரவில்லை. இருந்தும் வாக்கியம் முடிந்துவிட்டது. அது எனக்குக் கவலையாக இருந்தது.

அமுதா உள்ளேயிருந்து வந்தாள். அவளுக்கு நான் அண்ணன் முறை. என் எதிரில் புருஷனை அதிகம் கடிந்துகொள்ள மாட்டாள். அன்றைக்கு மட்டும் விதிவிலக்கு.

"பத்து நாளாப் பாக்குறேங்க. கோடு வந்தவொடன முட்டிய வெறைச்சுக்கிட்டு, எதுல மோதப்போறோம்னு அதையே பாத்துக்கிட்டுப் போறீங்க. அப்பறம் அதுல மோதாம வேற எங்க போவீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் களத்துக்கு வரச் சொல்லிவிட்டு நடந்தாள். நானும் போனேன். உளுந்துக்குப் பக்கத்தில், உமியை விரலளவு பரப்பச் சொன்னாள். பிறகு தானே அதில் நடந்து காட்டினாள். களத்தில் காயும் நெல்லைக் காலால் துழாவிவிடும் அதே நடை. எங்கள் பக்கத்தில் எல்லோரும் பார்த்ததுதான். நானும் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். ஆனால் அன்றுதான் கவனித்தேன். முட்டி மடங்கியிருக்கிறது. பாதம் போகும் திசைக்குக் குறுக்கே இருக்கிறது. மிதிப்பதில்லை, பாதத்தின் விளிம்பால் வழித்துத் தள்ளுகிறாள். கண் காலடியிலும் இல்லை, எதிரிலும் இல்லை. அடுத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கம் இருக்கிறது.

"அந்த ஐஸ நீங்க வண்டியில சீவுறீங்கல்ல? அதக் காலால சீவுங்க. அவ்வளவுதான்."

மூன்று நாள் அவரைப் பூட்ஸ் போட விடவில்லை. வெறுங்காலில் உமியை வழிக்க வைத்தாள். இடதுபக்கம் நூறு, வலதுபக்கம் நூறு. முட்டி நிமிர்ந்தால் கையில் இருக்கும் துடைப்பத்தால் முட்டிக்குப் பின்னால் ஒரு தட்டு. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மரியாதையாகத் தள்ளி நின்றார்கள். நான்காம் நாள் உமியைக் கோட்டை ஒட்டி மாற்றிப் பரப்பிவிட்டு, சக்கரத்தைப் போட்டுக்கொண்டு மெதுவாக வந்தார். கோட்டில் குறுக்கே திரும்பினார், வழித்தார், விழுந்தார். ஆனால் விழுந்த இடம் கோட்டிலிருந்து மூன்று மீட்டர். ஜூன் 8, சனிக்கிழமை மாலை 5.50க்கு முழு வேகத்தில் வந்து, உமி ஒரு வீச்சாகப் பறந்து எங்கள் சட்டையில் விழ, நின்றார். கைகளை ஆட்டவில்லை. எதையும் பிடிக்கவில்லை. ஒரு மீட்டர் எண்பத்தைந்து. மறுபடி வரச் சொன்னேன். ஒரு மீட்டர் எழுபது.

யாரும் கை தட்டவில்லை. பரம்பு நிற்கும் காட்சிக்கு ஊர் பழகியிருக்கவில்லை; அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

உமியில் நிற்பதும் ஐஸில் நிற்பதும் ஒன்றல்ல என்பதை நான் சொல்லவில்லை. அவருக்கும் அது தெரியும். ஜூன் 17ஆம் தேதி புறப்பட்டார்.

19ஆம் தேதி, புதன்கிழமை. திருவாரூரில் ஒரு பாகப்பிரிவினை அளவு இருந்தது. 218 அடியை 281 என்று எழுதிவிட்டு, கூட இருந்தவர் சொன்ன பிறகு திருத்தினேன். மாலை 6.40க்கு அமுதா வீட்டுக்குப் போனேன். அவள் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு வாசல் அடுப்பில் முறுக்குப் பிழிவதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தாள். 7.05க்கு அழைப்பு வந்தது. திரையில் பரம்புவின் முகம், பின்னால் வெள்ளையாக ஐஸ்.

முதல் முறை விழுந்துவிட்டேன் என்று ஆரம்பித்தார். கோட்டுக்கு வந்ததும் எதிர்ச் சுவரில் கண் போய்விட்டதாம். மேற்பார்வையாளர் இன்னொரு முறை தருகிறேன் என்றாராம். அமுதா திரையைப் பார்க்காமல் எண்ணெயைப் பார்த்தாள்.

"ரெண்டாவது மொற?" என்றாள்.

"ஒன்னு அறுவது. பூரா ஐஸும் பொடியா அவரு பேண்ட்டுல. எங்கய்யா கத்துக்கிட்டேன்னு கேட்டாரு. ஊட்டுலன்னேன்."

அமுதா கைபேசியை என்னிடம் நீட்டிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. அவர் பேசிக்கொண்டே இருந்தார்: முட்டியைப் பற்றி, ஐஸின் கனத்தைப் பற்றி, இரண்டு முறைக்கும் நடுவில் குடித்த டீயைப் பற்றி. நான் நாற்பத்தேழு நிமிடம் கேட்டேன். நிறுத்தச் சொல்லத் தோன்றவில்லை.

20ஆம் தேதி, வியாழக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். முதல் வேலையாக, கைபேசிக் கடிகாரத்தில் நம் நேரத்துக்குக் கீழே துபாய் நேரத்தையும் சேர்த்துக்கொண்டேன். அங்கே 3.40. தூங்கிக்கொண்டிருப்பார்.