காதுக்கேற்ற ஸ்பீக்கர்

வீட்டில் உள்ள எல்லா அறைகளிலும் இனிமேல் சங்கீதம் ஓடும் என்று நம்மவர் தீர்மானித்துவிட்டார். கூடத்தில் ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு. படுக்கையறையில் ஒன்று. குளியலறைக்கு ஈரம் தாங்கும் ஒன்று. எதற்கும் வயர் கிடையாது. கையிலிருக்கும் போனைத் தொட்டால் போதும், உலகத்துப் பாட்டெல்லாம் இறங்கி வந்து காலடியில் உட்காரும். கொஞ்ச நாளாக இதையே படித்து, இதையே பார்த்து, தூக்கத்தில்கூட "பேஸ் போதாது" என்று முனகினார்.

குறுக்கே நின்றது ஒன்றே ஒன்று. ஊரறிய, வீடறிய, அவருக்கு இடது காது மந்தம்.

அந்த மந்தம் அவரே பால் ஊற்றி வளர்த்தது. லிப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் அவர் மேற்பார்வையாளர். அங்கே அவர் காதுக்குத் தனி மரியாதை. பத்தாவது மாடியில் பேரிங் தேய்ந்தால் தரைத்தளத்தில் நின்றபடி சொல்லிவிடுவார். அதே காது வீட்டு வாசலைத் தாண்டியதும் படுத்துவிடும். மணமான புதிதில் ஒரு நாள், "ஏங்க, இந்தத் துணியைக் காயப்போடறீங்களா?" என்று மனைவி கேட்டாள். "மெஷின் ரூம் சத்தத்துல காது அடைச்சுக்கிச்சு, என்ன சொன்னே?" என்றார். அவளே காயப்போட்டுவிட்டாள். அடடா, இவ்வளவுதானா! அன்றைக்கு அடைத்த காதை அவர் அப்புறம் திறக்கவே இல்லை. காய் நறுக்குவது, குழாய் ஒழுகுவது, அவள் தங்கை வீட்டுக்குப் போவது, எதுவும் அந்தப் பக்கம் நுழையாது. "சாப்பிட வாங்க" மட்டும் தடையில்லாமல் நுழையும்.

ஒரு சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல், "எனக்கு ரொம்ப அலுப்பா இருக்கு" என்றாள் அவள். அதுவும் அவர் காதில் விழுந்தது. விழுந்ததை அவர் குனிந்து எடுக்கவில்லை.

இப்போது அந்தக் காதுக்குத்தான் உயர்ந்த ரக ஸ்பீக்கர் வேண்டும். எந்த முகத்தோடு கேட்பது? நம்மவர் மூளை லேசுப்பட்டதா என்ன!

"இந்தா பாரு, எனக்குக் காது மந்தமா இருக்கறதாலதான் நல்ல ஸ்பீக்கரா வேணும்."

மனைவி கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். எதிரில் இருப்பவர் முகத்தை நிதானமாகப் பார்த்துப் பழகியவள். இவர் முகத்தையும் ஒரு முறை பார்த்தாள்.

"ஆமாங்க. பாவம், இத்தனை நாள் எனக்குத் தோணவே இல்ல. இன்னிக்கே போய்ப் பார்த்துடலாம்."

இவ்வளவு சுலபமாக ஜெயித்தால் மனுஷனுக்குச் சந்தேகம் வர வேண்டும். அவருக்குப் பசிதான் வந்தது. இரண்டு தட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

கடையில், வெளிச் சத்தம் நுழையாத ஒரு கண்ணாடி அறை. கழுத்தில் அட்டை தொங்கிய விற்பனையாளர் ஸ்பீக்கரைத் தடவிக்கொடுத்தார்.

"இது ஹால் சைஸ், சார். வைஃபைல ஓடும். நடுவுல போன் வந்தாலும் பாட்டு நிக்காது."

வயலின் எழுந்தது. நம்மவர் கண்ணை மூடினார். தன்னை மறந்தார். மறந்ததுதான் தப்பு.

"வலது ஸ்பீக்கர்ல லேசா ஒரு 'கிர்ர்' இருக்கு. பேஸ் இறங்கும்போது மட்டும்."

விற்பனையாளர் குனிந்து ஸ்பீக்கரோடு காதை ஒட்டவைத்தார். "ஆமா சார்! காலையிலேருந்து ஓடுது, எங்க யாருக்குமே தெரியலையே! என்ன காது சார் உங்களுக்கு!"

நம்மவர் கண்ணைத் திறந்தார். எதிரே மனைவி.

"என்னங்க, கேட்டுச்சா?"

"கேக்கலை, கேக்கலை. அதிர்வு. கால் வழியாத் தெரிஞ்சுது."

"ஓ. காலுக்கு நல்லாக் கேக்குது." அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "அப்ப காதுக்கு எவ்வளவு கேக்குதுன்னு தெரியாம எப்படிங்க வாங்கறது? ஆளைப் பார்த்து நான் கண்ணாடி கொடுக்கறேனா? என்கூடப் படிச்சவ அடுத்த தெருவுலதான் காது சோதிக்கிற இடம் வச்சிருக்கா. ஒரு எட்டு பார்த்துட்டு வந்து வாங்கிடலாம்."

நம்மவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். காது எவ்வளவு மோசமோ, ஸ்பீக்கர் அவ்வளவு பெரிசு.

"தாராளமா!" என்றார்.

தோழி அவரை ஒரு சின்னக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். "சத்தம் கேட்டா அமுக்குங்கண்ணா, போதும்."

கொசு மாதிரி ஒரு சத்தம் வந்தது. அமுக்கவில்லை. குயில் மாதிரி வந்தது. அமுக்கவில்லை. ரயில் மாதிரி வந்தது. கண்ணில் நீர் முட்டியது, கட்டைவிரல் அசையவில்லை. இதுநாள் வரை நல்லது என்று ஒப்புக்கொண்டிருந்த வலது காதையும் ஸ்பீக்கருக்காகப் பலி கொடுத்தார். அவ்வளவு நேரமும் மனைவி கண்ணாடிக்கு வெளியே, சத்தத்தை அனுப்பும் தோழியின் பக்கத்தில் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்தவர் இரண்டு பேரையும் பார்த்து, பரீட்சையில் தோற்ற பெருமிதத்தோடு சிரித்தார்.

தோழி உதட்டைப் பிதுக்கினாள். "அண்ணா, இந்தக் காதுக்கு ஹால்ல ஸ்பீக்கர் வச்சா பக்கத்து வீட்டுக்காரங்கதான் பாட்டு கேப்பாங்க. உங்களுக்குக் காதுக்குள்ளயே வைக்கணும்."

மேஜைமேல் ஒரு சின்னப் பெட்டி திறந்தது. உள்ளே மொச்சைக்கொட்டை அளவில் இரண்டு.

"காது கேக்கற கருவி. இதுவும் வயர்லெஸ்தான். போன்லேருந்து நேரா பாட்டு வரும். கூப்பிட்டா தானே எடுத்துக்கற மாதிரி பண்ணித் தரேன். இடது ஒண்ணு, வலது ஒண்ணு."

"சுத்தமான ஸ்டீரியோ" என்றாள் மனைவி.

"எனக்கு எதுக்கு இதெல்லாம்? எனக்கு நல்லாக் கேக்கும்!"

"அப்படியா? எப்பலேருந்து?"

சின்னக் கேள்விதான். இன்றிலிருந்து என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆரம்பத்திலிருந்தே என்றால் அவ்வளவு துணியும், அவ்வளவு காயும், கொழுந்தியாள் வீட்டு விசேஷங்கள் மொத்தமும் வரிசை கட்டி வந்து கதவைத் தட்டும். நம்மவர் வாயை மூடிக்கொண்டு காதைக் கொடுத்தார்.

மறுநாள் அவருக்கு விடுமுறை. மனைவி கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். சோபாவில் சாய்ந்து பாட்டைப் போட்டார். பேஸ் போதாது. ஆனாலும் மோசமில்லை. வீடு நிசப்தமாக இருந்தது. ஏதோ, ஸ்பீக்கர் போனாலும் மந்தம் மிஞ்சியதே, அதற்குச் சோதனை முத்திரை வேறு விழுந்துவிட்டதே என்று தன்னைத் தேற்றிக்கொண்டு காலை நீட்டினார்.

பாட்டு தானாகத் தணிந்தது. இரண்டு காதுக்கும் நடுவே, தலைக்கு உள்ளேயே நின்று மனைவி பேசினாள்.

"பின்பக்கக் குழாய் ஒழுகுது."

பழக்க தோஷம். "என்ன? சரியாக் கேக்கலை!" என்று கத்தினார்.

"கத்தாதீங்க. மைக்கும் அதுலயேதான் இருக்கு. சத்தத்தைக் கூட்டற வேலை எதையும் அதுல வைக்க வேணாம்னு அவகிட்ட சொல்லிட்டேன். நல்ல கண்ணுக்கு நான் பவர் கண்ணாடி மாட்டறதில்ல. நேத்து நீங்க பொத்தானை அமுக்காட்டியும், ஒவ்வொரு சத்தத்துக்கும் உங்க இமை துடிச்சுது."

அவர் கை மெதுவாகக் காதுப் பக்கம் போயிற்று.

"கழட்டினா இங்க என் போன்ல மணி அடிக்கும்."

கை இறங்கிவிட்டது.

"நான் பேசறது நல்லாக் கேக்குதா?"

"கேக்குது" என்றார்.

"நல்லதுங்க. சார்ஜ் ராத்திரி வரைக்கும் நிக்குமாம். முதல் வருஷத்துலேருந்து ஆரம்பிக்கறேன்."