பதினாலாம் நம்பர் பட்டன்

"பட்டன்" என்றது கணினி.

கத்திரி அடுத்ததற்கு நகர்ந்தார்.

"பட்டன்."

அதற்கும் அடுத்தது.

"பட்டன்."

கத்திரி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அந்தச் சின்ன வானொலி நிலையத்தில் இருபது வருஷமாக ஒலிப்பதிவுகளை வெட்டி ஒட்டியதில் வந்து ஒட்டிக்கொண்ட பெயர். மனுஷருக்குப் பார்வை கிடையாது. ஆனால் காது இருக்கிறதே, அது வேறு ரகம். பேச்சாளர் வாயைத் திறந்தால் போதும், பல் செட் புதுசா பழசா என்று சொல்லிவிடுவார்.

திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் குரல் ஒன்று அவர் காதில் ஓதிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டபடி விசைப்பலகையில் விரலை ஓட்டி வேலையை முடித்துவிடுவார். பழைய எடிட்டிங் மென்பொருள் தங்கமான பிள்ளை. 'வெட்டு' பட்டனுக்குப் போனால் 'வெட்டு' என்று சொல்லும். 'சேமி'க்குப் போனால் 'சேமி' என்று சொல்லும். குடித்தனம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது.

போன மாதம் முதலாளி புதுசு வாங்கினார். வாங்குமுன் கத்திரியைக் கலந்தாலோசிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஏழு கலரில் அலை அலையாக ஓடுகிறது, பார்க்க அவ்வளவு அழகு என்று அவரிடமே போய்ச் சொன்னார். கத்திரி ஒரே ஒரு கேள்வி கேட்டார். பட்டன்களைக் கணினி படித்துச் சொல்லுமா? விற்க வந்தவர், எல்லாம் பேசும் சார் என்று சத்தியம் செய்தார். பேசத்தான் செய்தன. முப்பத்திரண்டும் ஒரே குரலில் "பட்டன்" என்றன.

கத்திரி அசரவில்லை. முதலில் இருந்து எண்ணிக்கொண்டே போய் ஒவ்வொன்றையும் அமுக்கி, என்ன விபரீதம் நடக்கிறது என்று காதால் கேட்டு, பிரெயிலில் ஒரு பட்டியல் போட்டார். எட்டாவது, குறித்த பகுதியை இரட்டிப்பாக்கும். ஒன்பது வெட்டும். பத்தை அமுக்கினால் கடைசியாகச் செய்தது ரத்தாகும். பதினொன்று பொல்லாதது, குறித்த பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மீதி அத்தனையையும் வீசிவிடும். பன்னிரண்டு, குறித்த இடத்தில் இருக்கும் சத்தத்தை அமுக்கி மெலிதாக்கும். பதிமூன்று நேரே ஒலிபரப்புக்கே அனுப்பிவிடும், அந்தத் தெருவுக்கே போகக்கூடாது. பதினாலு எல்லாவற்றையும் முதலில் இருந்தபடியே ஆக்கிவிடும். தப்பு செய்தவனுக்குப் பதினாலுதான் தெய்வம்.

கூடவே மென்பொருள் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். ஐயா, பட்டன்களுக்குப் பெயர் வையுங்கள். ஒன்றல்ல, பதினோரு கடிதம். ஒவ்வொன்றுக்கும் அங்கிருக்கும் ஓர் அம்மாள், உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம் என்று பதில் போட்டாள்.

இன்றைக்கு வந்த சோதனை, நாலு மணி நிகழ்ச்சி. 'கோபத்தை வெல்வது எப்படி', வழங்குபவர் பொறுமைப் பேராசிரியர். அரைமணி நேரம் தேனாகப் பேசியிருந்தார். நடுவில் ஏழே ஏழு இடத்தில் மட்டும் அரங்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தியிருந்தார். அந்த ஏழையும் எடுக்க வேண்டும்.

காலையிலேயே முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். புது மென்பொருளில் இது ஒழுங்காகப் போகவில்லை என்றால், திங்கட்கிழமை முதல் அந்த நாற்காலியில் தன் மச்சான் உட்காருவான். மச்சானுக்குக் கண் இருக்கிறது, வேலைதான் இல்லை. கத்திரி வேறு எங்கே போவார்? அவருக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான்.

ஏழு கத்தலையும் குறித்தார். ஒன்பது வரை எண்ணி அமுக்கினார். போட்டுக் கேட்டார். ஏழு கத்தல் பதினாலாகி இருந்தது.

விரல் வழுக்கியிருக்கும் என்று பத்தை அமுக்கினார். மறுபடி ஏழானது. ஒன்பது. பதினாலு கத்தல். பத்து. ஏழு. பேராசிரியர் விட்டுவிட்டு வரும் காய்ச்சல் மாதிரி வந்துபோய்க்கொண்டிருந்தார்.

மணி மூன்று ஐம்பது. வேறு வழியில்லாமல் மச்சானைக் கூப்பிட்டார்.

"தம்பி, மேல வரிசையில கத்தி, கத்திரிக்கோல் மாதிரி ஏதாவது படம் தெரியுதா?"

மச்சான் திரையோடு மூக்கை உரசிக்கொண்டு பார்த்தான். "கத்தி இல்லண்ணே. முதல்ல ஒரு காது இருக்கு. அப்புறம் குடை. சீப்பு. இது மீனா, செருப்பான்னு தெரியல."

"அதெல்லாம் எதுக்குன்னு போட்டிருக்கா?"

"படம்தான் போட்டிருக்கு. நல்லா அழகா இருக்குண்ணே."

கத்திரி ஒரு முடிவுக்கு வந்தார். ஒன்பதுக்கு ஏதோ கிறுக்குப் பிடித்திருக்கிறது. வெட்ட வேண்டாம், பன்னிரண்டை வைத்துக் கத்தலை மெலிதாக்கிவிடலாம். இருமல் மாதிரி கேட்டால் போதும். எண்ணினார், அமுக்கினார். கணினி கொஞ்சம் முனகியது. அரைமணி நேரப் பேச்சு ஒன்றரை நிமிஷமாகியிருந்தது. போட்டால், தேனில் ஒரு சொட்டு இல்லை. ஏழு கத்தலும் வரிசையாக, சுத்தமாக, அப்படியே இருந்தன.

மூன்று ஐம்பத்தொன்பது. இருக்கவே இருக்கிறது தெய்வம் என்று ஒன்றில் இருந்து எண்ணிக்கொண்டே போய், பதினாலை அமுக்கினார்.

வரவேற்பறை ஸ்பீக்கரில் இசை எழுந்தது. அறிவிப்பாளர் குழைந்தார்: "கோபத்தை வெல்வது எப்படி? வழங்குபவர், பொறுமைப் பேராசிரியர்."

"எவன்டா அது கதவை ஆட்டிக்கிட்டே இருக்கறது?"

கத்திரிக்கு உயிரே போய்விட்டது.

"செல்லை அணைக்கச் சொன்னேனா இல்லையா? உனக்குத் தனியா ஒரு தடவை சொல்லணுமா? ஏம்மா, குடிக்கத் தண்ணி கேட்டா குளிக்கிற தண்ணியையா கொண்டு வருவே?"

ஒன்றரை நிமிஷம். கடைசிக் கத்தல், முன் வரிசையில் தூங்கிய ஒருவரின் பரம்பரையையே தொட்டுவிட்டு நின்றது. உடனே அறிவிப்பாளர் வந்து, கேட்டுப் பயனடைந்திருப்பீர்கள் என்றார்.

முதலாளி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்தார். பின்னாலேயே பேராசிரியரின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டது தப்பாகப் போயிற்று. அவர் போட்ட போட்டைக் கேட்டு வரவேற்பறையில் காத்திருந்த ஒரு பெரியவர், இரண்டாம் பாகமும் நன்றாக இருக்கிறதே என்றார்.

முதலாளி போனை வைத்துவிட்டுக் கத்திரியைப் பார்த்தார். கத்திரி எழுந்து நாற்காலியை விட்டு ஒதுங்கி நின்றார். கண் கலங்கியது. பிரெயில் பட்டியலை மட்டும் எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார்.

"நீ உட்காருடா" என்றார் முதலாளி மச்சானிடம்.

மச்சான் உட்காரவில்லை. நாற்காலியையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மாமா, எந்தப் படம் எதுக்குன்னு எனக்கும் தெரியாது. அண்ணன் எத்தனை எண்ணி அமுக்கறாருன்னு பின்னால நின்னு பாத்துத்தான் நானே பழகிட்டிருந்தேன். இப்ப அவருக்கே தெரியலைன்னா, நான் எங்க போவேன்?"

முதலாளி அதே நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஏழு கலர் அலையையே முறைத்தார். பிறகு எழுந்து, கத்திரியின் கையைப் பிடித்து உட்கார வைத்து, அந்தப் பழையதையே திரும்பப் போட்டுக்கோங்க என்றார் கம்மிய குரலில்.

அப்போது கத்திரியின் போன் அடித்தது. கம்பெனியில் இருந்து அந்த அம்மாள்.

"ஐயா, சந்தோஷமான சேதி. உங்க பதினோரு கடிதத்தையும் படிச்சு, உங்க ஒருத்தருக்காகவே காலையில புதுப் பதிப்பு அனுப்பிட்டோம், அது தானாவே உங்க கணினியில ஏறியிருக்கும். இனிமே எல்லா பட்டனும் அதது பேரைத் தானே சொல்லும். அதுக்குன்னு வரிசையில முதல் இடத்துல, காது படம் போட்டு ஒரு பட்டன் புதுசா சேத்து, மத்ததை ஒரு இடம் தள்ளி வெச்சிருக்கோம். காதை ஒரு தடவை அமுக்கினா போதும்."

கத்திரி விரலை முதல் பட்டனுக்கு நகர்த்தினார்.

"பட்டன்" என்றது கணினி.

"அதுக்கு மட்டும்தான் ஐயா, இன்னும் பேர் வைக்கல" என்றாள் அம்மாள்.