என் பம்பும் எதிர்வீட்டுக் கோஸும்

இந்தக் குளிர்காலத்திலிருந்து பெண்டாட்டிக்குப் பயப்படுவதில்லை என்று முடிவு செய்தேன். மனத்துக்குள்தான் செய்தேன். சத்தமாகச் செய்தால் சமையலறை வரைக்கும் கேட்டுவிடும்.

தென்கொரியாவில், பூசான் நகரத்து எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் ஒரு கடல்நீர் மீன்தொட்டி இருக்கிறது. அதில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடி கோமாளி மீன்கள். என்னைக் கண்டதும் கண்ணாடி வரைக்கும் ஓடி வருகிற ஜீவன்கள் உலகத்தில் அவை மட்டும்தான். சாப்பாட்டுக்காகத்தான் வருகின்றன. இருக்கட்டுமே, எனக்கு அதுவே பெரிய மரியாதை. ஆனால் கொஞ்ச நாளாகத் தொட்டி நாற ஆரம்பித்திருந்தது. அதன் கீழ் அலமாரியில்தான் வடிகட்டி இருக்கிறது. அதைத் திறக்க எனக்கே தைரியம் வரவில்லை.

போன வாரம் என் மனைவி கும்ஹி தீர்ப்புச் சொன்னாள்.

"என்னங்க, சனிக்கிழமை கிம்ஜாங். எங்கம்மா வர்றாங்க. அதுக்குள்ள இந்த நாத்தம் போகணும்."

"போகலைன்னா?"

"தொட்டி போகும். தம்பி கடையில இடம் இருக்காம்."

அவள் தம்பி தோக்பே, கடற்கரையில் பச்சைமீன் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறான். வாசலில் தொட்டிகள், உள்ளே கத்திகள். என் மீன்கள் அங்கே போனால் தொட்டியில் இருக்குமோ, தட்டில் இருக்குமோ!

கிம்ஜாங் என்றால் குளிர்காலம் முழுவதற்குமான கிம்ச்சியை, அதாவது காரமான கோஸ் ஊறுகாயை, ஒரே மூச்சில் போடுகிற திருவிழா. கோஸ் மலைபோல் வந்து இறங்கும். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மேலே இருப்பதைக் கீழே தள்ளி, கீழே இருப்பதை மேலே கொண்டுவந்து புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அது புருஷன் வேலை. வருஷா வருஷம் அன்றைக்குப் பார்த்து எனக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்து, விருந்துக்குப் பன்றிக்கறி வெந்து தட்டுக்கு வந்ததும் விட்டுவிடும். டாக்டர்களுக்கே புரியாத வியாதி.

தொட்டிக்கு என்ன செய்யலாம் என்று தோக்பேயிடமே கேட்டேன். கடல்நீர்த் தொட்டியை வைத்தே பிழைக்கிறவன்.

"ஸ்கிம்மர் போடுங்க அத்தான். காத்தை நுரை நுரையா தண்ணிக்குள்ள அடிக்கும். அழுக்கெல்லாம் நுரையோட ஒட்டிக்கிட்டு மேல வந்து கிண்ணத்துல விழுந்துரும்."

"எவ்வளவு பெருசு வாங்கட்டும்?"

"உங்க தொட்டிக்குச் சின்னதே போதும். அதுக்கேத்த சின்ன பம்பு. பெரிய பம்பு போட்டா நுரை பொங்கிக் கூடம் வரைக்கும் ஓடும். சத்தம் வேற. கீழ்வீட்டுக்காரங்க சண்டைக்கு ஏறி வருவாங்க."

சின்னதாம்! அலுவலகத்தில் எனக்குச் சின்ன நாற்காலி, வீட்டில் சின்ன மீன் துண்டு, கட்டிலில் சின்ன ஓரம். இதுவாவது பெரிதாக இருக்கட்டும் என்று என் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஸ்கிம்மரும், ஏரியையே இறைக்கிற மாதிரி ஒரு பம்பும் வாங்கினேன். ஸ்கிம்மரைப் போர்வைகளுக்குப் பின்னால் ஒளித்தேன். பம்பு நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வந்து சேர்ந்தது.

திரும்பி வந்தபோது கும்ஹி அதைப் பூனைக்குட்டி போலக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"இது என்னங்க?"

"பம்பு."

"அது தெரியுது. யாருக்கு? மீனுக்கா?"

அந்த நேரம் பார்த்து என் மூளை வேலை செய்துவிட்டது. அது வேலை செய்தால் எனக்கு ஆகாது.

"ச்சே! மீனுக்கு யாராவது இவ்வளவு பெருசு வாங்குவாங்களா? உனக்குத்தான். கிம்ஜாங்குக்கு. கோஸ் ஊறுற டப்புக்குள்ள போட்டா உப்புத் தண்ணியைச் சுத்திச் சுத்தி விடும். யாரும் புரட்டவே வேண்டாம்."

"எனக்கா?" அவள் கண் விரிந்தது. "நிஜமா புரட்ட வேண்டாமா?"

"வேண்டாம்."

"ஒருவேளை புரட்ட வேண்டி வந்தா?"

"மொத்தத்தையும் நானே புரட்டறேன், போதுமா?"

போதும் என்று தலையாட்டினாள். என் கணக்கு சுலபம். சனிக்கிழமை காலையில் பம்பு கொஞ்ச நேரம் கோஸைச் சுற்றும். பாராட்டு வாங்கும். மாமியார் வருவதற்குள் சத்தமில்லாமல் மீன்தொட்டிக்குப் போய்விடும்.

வியாழக்கிழமை சாயங்காலம் கூடத்தில் மெல்லிய முனகல் கேட்டது.

"கும்ஹி, கிம்ச்சி ஃப்ரிட்ஜ் என்ன முனகுது?"

"வயசாச்சுல்ல. உங்களை மாதிரிதான்."

சனிக்கிழமை காலை வாசல் மணி அடித்தது. எதிர்வீட்டு யூரா அம்மா, தள்ளுவண்டி நிறையக் கோஸோடு நின்றாள்.

"அண்ணா! அக்காவுக்காக மெஷினே வாங்கிட்டீங்களாமே! எங்க வீட்டு மனுஷனும் இருக்காரே, சோபாவுக்கு முட்டுக்கொடுத்துக்கிட்டு!"

அவளுக்குப் பின்னால் கீழ்வீடு, அதற்குப் பின்னால் மேல்வீடு. எல்லோர் வண்டியிலும் கோஸ். பால்கனி முழுக்கச் சிவப்பு ரப்பர் டப்புகள். குளியல் தொட்டியைக்கூட விடவில்லை.

பம்பைப் போட்டேன். உப்புத் தண்ணீர் சுழன்றது. பெண்கள் கைதட்டினார்கள். நான் லேசாகத் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டேன். நிமிர்வதற்குள் ஒரு கோஸ் இலை பம்புக்குள் போனது. 'கர்ர்ர்' என்றது. நின்றுவிட்டது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கும்ஹி ரப்பர் கையுறையை நீட்டினாள்.

"மொத்தத்தையும் நீங்களே புரட்டறதா சொன்னீங்களே."

"இடுப்பு..."

நான் வாயை மூடுவதற்குள் கும்ஹி என் சட்டையைத் தூக்கி, அத்தனை பேர் முன்னாலும் இடுப்பில் வலி பிளாஸ்திரியைப் பட்டென்று ஒட்டினாள். அது அவள் ஏப்ரன் பையில் தயாராக இருந்தது.

"இப்ப சரியாயிடும். யூரா அம்மா, உன் கோஸையும் அண்ணன் பக்கம் தள்ளு."

புரட்டினேன். எங்கள் கோஸ், எதிர்வீட்டுக் கோஸ், முகமே தெரியாதவர்களின் கோஸ். நான் முழங்கை வரை உப்புத் தண்ணீரில் இருக்கும்போதே மசாலா கலக்க மாமியார் வந்துவிட்டார்.

"நம்ம மாப்பிள்ளையா புரட்டறது!" என்று உருகிவிட்டுக் கூடத்துக்குப் போனார். தொட்டி இருக்கும் கூடம். என் மீன்களின் கதை முடிந்தது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"அடடே, தண்ணி எவ்வளவு தெளிவா இருக்கு! ஒரு வாடைகூட இல்லையே!" என்று குரல் வந்தது.

சொட்டச் சொட்ட ஓடினேன். கீழ் அலமாரியைத் திறந்தேன். உள்ளே ஒரு சின்ன ஸ்கிம்மர், அதற்கேற்ற சின்ன பம்பு. கிண்ணத்தில் பழுப்பு நுரை. நான் ஃப்ரிட்ஜ் என்று நினைத்த அதே முனகல்.

"இது எப்ப வந்துச்சு?"

"வியாழக்கிழமை. தோக்பே மாட்டிட்டுப் போனான். எது சொன்னாலும் நீங்க பெருசுதான் வாங்குவீங்கன்னு அன்னிக்கே போன் பண்ணிட்டான்."

"தொட்டி போயிடுமேன்னு தினம் தினம் செத்துட்டிருந்தேன் கும்ஹி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

ஊறின கோஸ் இலையில் பன்றிக்கறியைச் சுருட்டி என் வாயில் திணித்தாள்.

"சொல்லியிருந்தா உங்களுக்கு இடுப்புப் பிடிச்சிருக்குமே!"