நம்முடையதா, அவர்களுடையதா?

“சார், அந்த ரீபேஸை நாளைக்கு வெச்சுக்கலாமே?” என்றாள் குண்டூசி.

“நாளைக்கு மேனேஜர் பார்க்கப் போறாரும்மா. இன்னைக்கே முடிச்சாகணும்.” நேர்கோட்டார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பல் மருத்துவமனைகளுக்கு டோக்கன் மென்பொருள் எழுதும் அந்த அலுவலகத்தில், “கோட் ஹிஸ்டரின்னா நேர்கோடு மாதிரி இருக்கணும்” என்று தினமும் ஓதி ஓதி அவருக்கு ஒட்டிக்கொண்ட பட்டம் அது. குண்டூசியும் பட்டம்தான். அவள் டெஸ்டர், எள்ளளவு தப்பையும் குத்தி எடுத்துவிடுவாள்.

ஊருக்கு உபதேசம் செய்தவரின் சொந்த ஹிஸ்டரியோ, அதாவது நிரலில் செய்த மாற்றங்களின் பதிவேடோ, சந்தி சிரிக்கிற நிலையில் இருந்தது. மூன்று மாதமாகத் தனிக் கிளையில், அதாவது பொது நிரலிலிருந்து தனக்கென்று பிரித்துக்கொண்ட பிரதியில், டோக்கன் வரிசையைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார். நாற்பத்து மூன்று கமிட்; ஒவ்வொன்றும் குறிப்போடு பதிந்து வைத்த ஒரு திருத்தம். குறிப்புகள் அவர் கைப்பட: ‘சரிசெய்தேன்’, ‘இப்போது நிஜமாகவே சரிசெய்தேன்’, ‘இந்தத் தடவை சத்தியமாக’. நாளை டீம் லீட் பதவிக்கு ஆள் பார்க்கும் மேனேஜர் கண்ணில் இது படலாமா?

ரீபேஸ் என்பது பெரிய வித்தையில்லை. தன் கிளையின் கமிட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எல்லோருக்கும் பொதுவான மெயின் கிளையின் நுனியில் மறுபடி நடுவது. போகிற போக்கில் குறிப்புகளையும் மாற்றிவிட்டால், மனிதர் முதல் முயற்சியிலேயே எல்லாவற்றையும் எழுதி முடித்தது போல இருக்கும்.

முதல் கமிட்டே மெயின் கிளையோடு முட்டிக்கொண்டது. எதை வைத்துக்கொள்வது, நம்முடையதையா, அவர்களுடையதையா என்று திரை கேட்டது.

“இதென்ன கேள்வி? நம்மளதுதான்!” என்று தட்டினார்.

இரண்டாவதும் முட்டியது. நம்மளது. மூன்றாவது. நம்மளது. பத்துக்கு மேல் படிப்பதையே விட்டுவிட்டு, கொட்டாவி விட்டபடி தட்டினார். நாற்பத்து மூன்றும் முடிந்தன. ஏற்றப் போனால் சர்வர், ‘உன் ஹிஸ்டரி வேறு, என் ஹிஸ்டரி வேறு’ என்று முரண்டு பிடித்தது.

“யாருகிட்ட!” கட்டாயமாக ஏற்றும் கட்டளையைக் கொடுத்தார். சர்வர் வாயை மூடிக்கொண்டது.

மூன்று மாதமாகவே அவர் கிளையில் எது ஏறினாலும் ஐந்தே நிமிடத்தில் மருத்துவமனைகளுக்குப் போய்விடும். அது போய் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் ஹிஸ்டரியைத் திறந்தார். கோடு நேராகத்தான் இருந்தது. அதில் அவர் மட்டும் இல்லை.

“என் கமிட்டெல்லாம் எங்கேம்மா?”

குண்டூசி எட்டிப் பார்த்தாள். “எதைத் தட்டினீங்க?”

“நம்முடையது.”

“அடக் கடவுளே! ரீபேஸ்ல அது தலைகீழ் சார். நம்முடையதுன்னா மெயின் கிளை. அவர்களுடையதுன்னாதான் நீங்க. மூணு மாச வேலையை உங்க கையாலயே வேண்டாம்னுட்டீங்க. சரி, பதறாதீங்க. பழசோட தடயம் உங்க ஃபோல்டர்லயே இருக்கும். எதையும் தொட...”

“அந்த ஃபோல்டரையா? இப்பத்தான் அழிச்சுட்டு, சர்வர்லேர்ந்து புதுசா இறக்கினேன்.”

“எப்போ?”

“நீ ‘அடக் கடவுளே’ன்னப்போ.”

இறக்கியதும் அதே காலிக் கிளைதான். மேனேஜரின் கண்ணாடி அறையைப் பார்த்தார். பதவி இருக்கட்டும், வேலையாவது மிஞ்சுமா?

“என் மெஷின்ல உங்க கிளை காலையில இறக்கினபடி முழுசா இருக்கு,” என்றாள் அவள். “ஆனா மூணு மணிக்குத் தானா புதுப்பிச்சுக்கும்.”

மணி மூன்றாக அரை நிமிடம் இருந்தது. நேர்கோட்டார் அவள் மேஜைக்கு அடியில் பாய்ந்தார். கண்ணில் பட்ட கேபிளைப் பிடுங்கினார். அது அந்த மாடித் தளத்துக்கே இணையம் கொடுக்கும் கேபிள். பேசிக்கொண்டிருந்த வீடியோ கால் அறுந்ததும் மேனேஜர் வெளியே வந்தார். முதலில் தெரிந்தது மேஜைக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்கள்.

“என்ன நடக்குது இங்கே?”

“சொல்லுங்க சார்,” என்று மேஜைக்கு அடியில் குனிந்தாள் குண்டூசி. “நேத்து என் கமிட்டைக் குப்பைன்னீங்கல்ல, அதே சத்தத்துல சொல்லுங்க. அப்பத்தான் பழசை ஏத்துவேன்.”

மேஜைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. “நான்தான். நேர்கோடு போடப் போய் எல்லாத்தையும் அழிச்சுட்டேன்.”

தளமே கைகொட்டிச் சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. “முதல்ல மருத்துவமனைகளுக்குப் போனதைச் சரிபண்ணுங்க. பதவியெல்லாம் அப்புறம் பேசலாம்.”

குண்டூசி தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தினாள். கேபிளைச் செருகினாள். தன் மெஷினிலிருந்த நாற்பத்து மூன்றையும், சத்தியங்கள் உட்பட, திரும்ப ஏற்றினாள். நேர்கோட்டார் தலைமயிரில் ஒட்டடையோடு நாற்காலியில் விழுந்தார். மானம் போனாலும் மூன்று மாத உழைப்பு திரும்பிவிட்டது. போன உயிரும் வந்தது.

அப்போது தொலைபேசி அடித்தது. மேனேஜர் ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பாளர்.

“சார், இன்னைக்கு மத்தியானம் டோக்கன்ல ஏதாவது மாத்தினீங்களா?”

நேர்கோட்டார் எழுந்து நின்று, போனுக்கே கும்பிடு போட்டார். “மன்னிச்சுக்கங்கம்மா, தப்பு என்னுதுதான். ஆனா இப்பவே பழையபடி மாத்திட்டோம். இனிமே இப்படி நடக்கவே நடக்காது.”

“ஐயையோ, ஏன் சார் மாத்தினீங்க? மூணு மாசத்துல இன்னைக்கு ஒரு மணி நேரம்தான் டோக்கன் வரிசையா வந்துச்சு!”