நானூற்றுப் பன்னிரண்டு நாளாக யாரும் விழவில்லை

எங்கள் மருத்துவமனையில் நானூற்றுப் பன்னிரண்டு நாளாக ஒருவரும் விழவில்லை. நான் சொல்லவில்லை, வாசலில் இருக்கும் பலகை சொல்கிறது. தினமும் காலையில் ஒருவர் ஆடுகிற ஏணியில் ஏறி எண்ணை மாற்றுகிறார்.

எனக்குப் பார்க்கின்சன். கை நடுங்கும், நடக்கும்போது கால் திடீரென்று தரையோடு ஒட்டிக்கொள்ளும்.

"இந்த நோய் வந்தவங்க அடிக்கடி விழுவாங்க, எலும்பும் தேஞ்சிருக்கும். இடுப்பெலும்பு முறிஞ்சா அப்புறம் படுக்கைதான். முதல்ல எலும்பு ஸ்கேன் எடுங்க" என்றார் டாக்டர். நியாயமான மனுஷர்.

ஸ்கேன் அறையில் விதிமுறை காத்திருந்தது. விழுந்தவருக்கு உடனே எடுப்பார்கள், விழாதவருக்கு எட்டு மாதம் கழித்து.

அதைக் கேட்டுத் திரும்பினேனோ இல்லையோ, கால் ஒட்டிக்கொண்டது. தாழ்வாரத்தில் தொபுக்கடீரென்று குப்புற விழுந்தேன். என் மனைவிக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

"எழுந்திருக்காதீங்க. ஆபீசர் வந்து பார்க்கட்டும்."

விழுதல் தடுப்பு அலுவலர் வந்தார். குனிந்து என்னைத் தீர ஆராய்ந்துவிட்டு எழுதினார்: 'நோயாளி முன்னறிவிப்பின்றித் தரையில் அமர்ந்தார்.'

"உட்காரலைங்க, விழுந்துட்டார்" என்றாள் மனைவி.

"இங்க யாரும் விழறதில்லம்மா. பலகையைப் பார்க்கலையா?"

"குப்புறக் கிடக்கிறாரே?"

"அமர்ந்த பிறகு ஓய்வெடுக்கிறார். அதுக்குத் தனிப் படிவம் இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அடுத்த வாரம் எங்களுக்கு விருது தர்றாங்க. ஒண்ணு பண்ணுங்க, வீட்டுல விழுந்திருந்தா சொல்லுங்க. அது எங்க கணக்குல வராது. இப்பவே ஸ்கேன் எடுத்துடலாம்."

வீட்டில் நான் விழுந்தது குளியலறையில் இரண்டு, கட்டிலோரம் ஒன்று. மூன்று தடவையும் தூக்கிவிட்டவள் என் மனைவிதான். "மூணு..." என்று வாயெடுத்தாள்.

நான் இருபத்தெட்டு வருஷம் பஸ் கண்டக்டர். எப்பேர்ப்பட்ட பிரேக்குக்கும் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்தவன். சுற்றிலும் பத்துப் பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"விழலைங்க" என்றேன் முந்திக்கொண்டு. "மூணு தடவை உட்கார்ந்தேன்."

அலுவலருக்கு என் மேல் பெரிய மரியாதையே வந்துவிட்டது. கைகொடுத்துத் தூக்கிவிட்டு, எட்டு மாதம் கழித்து ஒரு தேதி எழுதித் தந்தார். அதுவரை என் இடுப்பெலும்பு பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மனைவி அந்தப் பலகையைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"பழைய பலகை ஏதாவது கிடக்குதான்னு கேளுங்க. நம்ம வீட்டு வாசல்லயும் மாட்டிடுவோம்."